கணவாய் வருது

1. சாரலும் லைனும்

சாரல் விழுந்தால் ஊரே "ஆகா" என்று சொல்லும். எக்ஸ்சேஞ்சில் இருந்த நாங்கள் மட்டும் "போச்சு" என்று சொல்வோம். ஆனி பிறந்து, மேற்கே மலை கறுத்து, தென்காசியில் தூற்றல் போட ஆரம்பித்துவிட்டால் கம்பத்துக் கம்பிகள் நனைந்து லைனில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களுக்கோ அப்போதுதான் வீட்டு ஞாபகம் பொத்துக்கொண்டு வரும். ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு, தலை துவட்டி முடிப்பதற்குள் "என் கால் என்னாச்சு?" என்று கேட்பார்கள். அருவியில் தண்ணீர் கூடக் கூட எங்களுக்குத் திட்டும் கூடும்.

கையில் போனோடு பிறக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். அன்றைக்கு வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். போர்டில் அவர்கள் நம்பருக்கு உரிய சின்ன ஷட்டர் 'டக்' என்று விழும். வயர்க் கார்டை எடுத்துச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். டிக்கெட் எழுதி, திருநெல்வேலியைப் பிடித்து, அவர்கள் மூலம் தூத்துக்குடியையோ மதுரையையோ பிடித்து, இரண்டு முனையையும் சேர்த்துவிடுவோம். லைன் மோசமாக இருந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கிற எங்களுக்கு ஓரளவு கேட்கும். அப்போது இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் நாங்களே எடுத்துச் சொல்வோம். எத்தனையோ பேர் வீட்டுச் சாவும் பிரசவமும் என் வாய் வழியாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் சண்முகம் சார் என் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டுச் சொன்னது இதுதான்:

"இந்தா பாரு தாயி, நீ ஒரு குழாய். இந்தப் பக்கம் வாரதை அந்தப் பக்கம் விடணும். கேட்டதைச் சொல்லு. புரிஞ்சதைச் சொல்லாத."

எனக்குச் சுருக்கென்றது. பி.யு.சி. படித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸாகி, இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வந்தவளைப் பார்த்துக் குழாய் என்கிறாரே என்று இருந்தது. புரியாமல் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

2. "இது நம்ம வாழ்க்கைக்கா"

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன். அன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை டூட்டி எனக்கு. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் ஷட்டர் விழுந்தது. எடுத்தால் சூசை அண்ணாச்சி.

சூசை அந்த லாட்ஜின் சமையல்காரர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். படகில் ஏறினால் வாந்தி வருகிறது என்று அடுப்படிக்கு வந்துவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அவருடைய அக்கா மிக்கேலம்மாள் தூத்துக்குடியில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். லாட்ஜுக்கு மீன் வேண்டுமென்றால் சூசை ட்ரங்க் கால் போடுவார். அக்கா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து ஐஸ் கம்பெனிக்கு பி.பி. கால் போட்டால் அவர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அக்கா பஸ்ஸில் கூடையை ஏற்றிவிடுவார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் சூசை இறக்கிக்கொள்வார். நான் அவரை ஒருநாளும் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. எங்களுக்குள் குரல் பழக்கம்தான்.

"அக்கா, தூத்துக்குடி ஐஸ் கம்பெனி. அர்ஜென்ட் போடுங்க. இது நம்ம வாழ்க்கைக்கா."

"என்ன அண்ணாச்சி, அப்படி என்ன மீனு?"

லைன் கிடைக்கிற வரைக்கும் அவர் சொன்னார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களை ஊர் ஊராகச் சுற்றிக்காட்டும் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. அதில் சிலரை அருவி பார்க்க வேனில் கூட்டி வந்து இவர்கள் லாட்ஜில் தங்க வைத்திருக்கிறார்கள். கூடவே அந்தக் கப்பலின் சாப்பாட்டு இலாகாவைக் கவனிக்கிற ஆபீசரும் வந்திருக்கிறார். நம் நாட்டுக்காரர்தான், மங்களூர்ப் பக்கம்.

"அந்த மனுசன் எந்தத் துறைமுகத்துல கப்பல் நின்னாலும், அங்கன ஊர்க்காரன் திங்குற மீனைத் தேடிப்போயித் திங்குற ஆளாம். தூத்துக்குடியில எறங்குனது நேத்து. ஞாயித்துக்கிழமை எங்க ஆளுக கடலுக்குப் போவாகளா? சனிக்கிழமை ஐஸு மீனைக் கொண்டாந்து வச்சிருக்கானுவ. ஆபீசரு மோந்து பாத்துட்டுத் தட்டைத் தள்ளிட்டாராம். இங்கன வந்தும் அதையேதான் கேக்காரு. எங்க மேனேஜரு, 'இது மலை சார், மீனுக்கு எங்க போக'ன்னு கையை விரிச்சிட்டாரு. நான்தான் முன்னால போயி, 'சார், சாயங்காலம் நான் தாரேன்'னு சொல்லிட்டேன்."

"இதுல உங்க வாழ்க்கை எங்க வந்துச்சு?"

"கப்பல் அடுப்படியில அவருக்கு ஒரு ஆளு வேணுமாம்க்கா. 'உன் கையால மீன் சாப்பிட்டுப் பாக்கேன், பிடிச்சிருந்தா பம்பாய் ஆபீஸுக்கு எழுதி உனக்குப் பேப்பர் போடுதேன்'னு சொல்லியிருக்காரு. ஆறு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் வேன் கிளம்பிரும். விடியக்காலம் கப்பல் போயிரும்."

படகில் வாந்தி எடுப்பவர் கப்பலுக்குப் போய் என்ன செய்வார் என்று கேட்டேன். "பெரிய கப்பல் ஆடாதுக்கா" என்றார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

திருநெல்வேலியைக் கெஞ்சி லைனை வாங்கினேன். ஐஸ் கம்பெனிக்காரர் ஆள் விட்டார். மிக்கேலம்மாள் மூச்சு வாங்க வந்து "அல்லோ" என்றார். அவ்வளவுதான், அப்பளம் பொரிய ஆரம்பித்துவிட்டது. சூசைக்கு அக்கா குரல் சுத்தமாகக் கேட்கவில்லை. "அக்கா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. சீலா மீன் கிடைக்குமான்னு கேளுங்க" என்று என்னிடம் கத்தினார்.

நான் கேட்டேன். பதில் அரைகுறையாக வந்தது. என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"சீலா இல்லன்னு சொல்லு... ஒண்ணும் படல... கணவாய் வருது... நல்ல கணவாய்... நாலு மணிக்கெல்லாம் வந்துரும்னு சொல்லு... பஸ்ஸுல... ஐஸு போட்டு..."

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் சைவம். முட்டை வாங்கிய பையைக்கூட வாசலுக்கு உள்ளே விடாத வீடு. மீனில் சாளை, அயிரை என்று இரண்டு பேர் தெரியும். அதுவும் தெருவில் கூவிக் கேட்டதுதான். ஆனால் கணவாய் என்ற வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். செங்கோட்டைக்கு மேற்கே மலையாளத்துக்குப் போகிற கணவாய். எங்கள் லைன்மேன்கள் வாயில் நாளுக்கு நாலு தரம் வரும் வார்த்தை. "கணவாயில மரம் விழுந்துட்டு", "கணவாயில கம்பி அறுந்துட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். தென்காசிக்குக் கொல்லத்து மீன் அந்த வழியாகத்தான் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். சைவக்காரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று எனக்கே ஒரு பெருமை.

சீலா இல்லை; கணவாய் வழியாக வருகிறது; நாலு மணி பஸ். கணக்கு நேராகிவிட்டது. கடற்கரைக்காரருக்குக் கணவாய் என்றால் புரியுமோ புரியாதோ என்று நினைத்து, அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, விளங்கும்படியாகவே சொன்னேன்.

"சீலா இல்லையாம் அண்ணாச்சி. மீனு கொல்லத்துப் பக்கமிருந்து வருதாம், செங்கோட்டை வழியா. ஐஸு போட்டு பஸ்ஸுல வருதாம். நாலு மணிக்கு வந்துருமாம்."



"கொல்லத்துலேர்ந்தா? சரிதான், எங்க அத்தான் அங்கனதான் தொழிலுக்குப் போயிருக்காரு. அவருகிட்ட சொல்லி விட்டிருப்பா. என்ன மீனாம்க்கா?"

"அது தெளிவாக் கேக்கல."

"பரவாயில்ல. நான் செங்கோட்டை தாண்டி புளியரை செக்போஸ்ட்டுக்கே போயி நின்னுக்கிடுதேன். எல்லா வண்டியும் அங்கன நின்னுதானே ஆவணும். நல்லா இருப்பீங்கக்கா."

காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடிந்தது. கார்டை உருவினேன். ஒருவருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு அடுத்த ஷட்டரைப் பார்த்தேன். மத்தியானம் பெரிய மழை. குற்றாலம் லைன் மொத்தமும் செத்துப்போனது.

3. பஸ் ஸ்டாண்டு

நாலரை மணிக்கு டூட்டி முடிந்து குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வீட்டுக்கு நடந்தேன். டைம் கீப்பர் அறைக்கு முன்னால் தூத்துக்குடி பஸ் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"குற்றாலம் லாட்ஜு சூசை யாருய்யா? கணவாய்க் கூடை! கணவாய்! யாருதுய்யா இது?"

நான் நின்றுவிட்டேன். அவர் காலடியில் பனைநார்க் கூடை ஒன்று, வாழை இலை போட்டு மூடி, சணல் கட்டியிருந்தது. ஐஸ் உருகி அடியில் கறுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"கணவாய்னா என்னதுங்க?" என்று கேட்டேன். காலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"மீனும்மா. வழுவழுன்னு எலும்பில்லாம இருக்கும், மையைக் கக்கும். மதியமே குடுத்துவிட்டாங்க. ஆளைக் காணும். நான் இங்கனயே போட்டுட்டுப் போறேன், நாய் கொண்டுபோவட்டும்."

அங்கே ஒருவர் புளியரையில் மழையில் நின்று கொல்லத்து பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே அவருடைய மீன் டைம் கீப்பர் வாசலில் வடிந்துகொண்டிருக்கிறது. காலையில் அந்த வார்த்தையை வந்தபடியே விட்டிருந்தால் போதும். கடற்கரைக்காரருக்கு அது உடனே புரிந்திருக்கும். தெரியாதவள் நான், தெரிந்தவருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

போன் பண்ண வழியில்லை, லைன் செத்துக் கிடக்கிறது. சீசனில் டாக்ஸி குதிரைக் கொம்பு. டைம் கீப்பரைக் கெஞ்சி, நின்றுகொண்டிருந்த குற்றாலம் பஸ்ஸில் கூடையை மட்டும் ஏற்றச் சொன்னேன். அந்த பஸ் கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆளில்லாம ஏத்தமாட்டேம்மா. தண்ணி வடியுது பாருங்க, சேலையில பட்டுச்சுன்னா பொம்பளையாளுக என் சட்டையைப் பிடிப்பாக. யாராவது கூட வந்தா பின்னால வச்சுக்கிடட்டும்."

அப்படியானால் நான்தான் போக வேண்டும். இலைக்கட்டைப் பிடித்துத் தூக்கப் போனேன். அப்போது பஸ் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி கோமதி! குற்றாலத்துக்கா? வா வா, இங்கன இடம் போட்டு வச்சிருக்கேன்."

எங்கள் எதிர்வீட்டு மதினி. அருவிக் குளியலுக்கு நாத்தனார் கூட்டத்தோடு கிளம்பியிருந்தார்கள். எல்லாரும் எங்கள் தெரு, எங்கள் சாதி, என் மாமியாரோடு தினமும் கோயிலுக்குப் போகிறவர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்த முகம். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, கூடை உங்களுதா? ஏறுதீங்களா இல்லையா?"

"என்னுது இல்ல" என்றேன்.

"பெறகு என்னத்துக்கு அங்கன நிக்கே?" என்று மதினி சிரித்தாள்.

"சும்மாதான். மழை விட்டு வெறிக்கட்டும்னு நிக்கேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

டைம் கீப்பர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. சூசை அண்ணாச்சி காலையில் சொன்ன "நல்லா இருப்பீங்கக்கா" காதிலேயே நின்றது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சீசன் கூட்டத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுவார்கள். அன்றைக்கு வழியில் மேலகரத்துப் பக்கம் ஏதோ வண்டி மாட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸும் வரவில்லை. நான் நின்றேன், கூடை வடிந்தது. ஒவ்வொரு தரம் கடிகாரத்தைப் பார்க்கும்போதும் அந்த முதல் பஸ் இந்நேரம் எங்கே இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. நன்னகரம். இப்போது குற்றாலம். இப்போது லாட்ஜ் வாசல்.

கடைசியில் பஸ் வந்தபோது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பின் சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். கீழே வைத்தால் வடிகிறது என்று திட்டுவார்களே என்றுதான். பக்கத்தில் இருந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார். நானும் எத்தனை பேர் பக்கத்திலிருந்து அப்படி எழுந்து போயிருக்கிறேன் என்று அப்போது நினைவு வந்தது.

குற்றாலம் வளைவு திரும்புகிற இடத்தில் எதிரே ஒரு வேன் வந்தது. வழி குறுகல், இரண்டு வண்டியும் உரசாத குறையாக மெதுவாகத் தாண்டின. வேனுக்குள் ஈரத்தலையோடு வெள்ளைக்காரர்கள். முன் சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் தேடிக்கொண்டு வந்த மீன் என் மடியில் இருந்தது.

4. அடுப்படி

லாட்ஜின் பின்கட்டில் சூசை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குட்டையான ஆள். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"சூசை அண்ணாச்சி" என்றேன். குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எக்ஸ்சேஞ்ச் அக்காவா?"

கூடையைக் கீழே வைத்தேன். காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் அக்கா கணவாய் என்றுதான் சொன்னார்கள், நான்தான் அதை மலைக் கணவாய் ஆக்கிவிட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மலைக் கணவாயா! ஏ அம்மா! நான் அந்தக் கணவாய்க்கே போயி நின்னு இந்தக் கணவாயைத் தேடியிருக்கேன் பாருங்க!"

சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிடக் கூடுதல் நேரம் துடைத்தார் என்று எனக்குப் பட்டது.

"நாலு மணி வண்டியில இல்லன்னதும் திரும்பிட்டேன். அஞ்சரைக்கெல்லாம் அடுப்படிக்கு வந்தாச்சு. மேனேஜரு கோழி போடச் சொன்னாரு. போட்டேன். ஆபீசரு நல்ல மனுசன், திட்டல்லாம் இல்ல. 'கோழி எல்லாத் துறைமுகத்துலயும் கிடைக்கும்பா'ன்னாரு, அவ்வளவுதான்."

"இது வேக எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கணவாயா? ரெண்டு கொதி. கூடப்போனா ரப்பராயிரும்."

அஞ்சரைக்கு அவர் அடுப்படியில் இருந்திருக்கிறார். மதினியின் பஸ் அதற்கு முன்பே அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கும். ஆறு மணிக்குச் சாப்பாடு. இரண்டு கொதி. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் இலையை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"கெடலக்கா, நல்லாத்தான் இருக்கு. இந்த மழையில இதை மடியில வச்சுக் கொண்டாந்திருக்கீங்களே. எங்க ஆளுககூடச் செய்யமாட்டாக. உங்க வீட்டு மனுசாளுக்கு இது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? நம்பர் ப்ளீஸ்ங்குற பேச்சுலயே தெரியும்லா."

சொல்ல வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. அவர் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் உள்ளே போய் எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் புளியும் கல்லுப்பும் கொண்டுவந்தார்.

"கையை நீட்டுங்க. நல்லாத் தேய்ங்க, நக இடுக்குல போகணும். வீட்டுல வாடை தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடம்."

செம்பில் தண்ணீர் மொண்டு அவரே என் கையில் ஊற்றினார். ஒரு தரம், இரண்டு தரம். "மோந்து பாருங்க" என்றார். நான் முகர்ந்து பார்த்து, "போயிட்டு" என்றேன். அவருக்குக் கிடைக்க இருந்த கப்பல் கைவிட்டுப் போயிருந்தது. அவருக்கு என் கை வாடையைப் பற்றிக் கவலை. என் வாழ்நாளில் அவ்வளவு கூனிக் குறுகி நான் நின்றது கிடையாது.

5. பிற்பாடு

மறுநாள் சண்முகம் சாரிடம் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "குழாய் தாகத்துல கொஞ்சம் குடிச்சிட்டு" என்றார். அதற்கப்புறம் எக்ஸ்சேஞ்சில் எனக்குக் கணவாய் என்றே பெயர். "கணவாய்க்கு இன்னைக்கு நைட் டூட்டி", "கணவாயைக் கூப்பிடு". கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒரு லைன்மேன் உறையிலேயே அப்படி எழுதிவிட்டுப் பிறகு அடித்துத் திருத்தினார். எனக்கு அது வலிக்கவில்லை. செய்த தப்புக்கு அது சின்ன கூலிதான்.

லைன் ஓய்வாக இருக்கும்போது மிக்கேலம்மாளிடம் மீன் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாறை என்று ஒரு மீன். வாவல் என்று ஒன்று. நகரை, விளை, முரல். "பாறை வருது" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் மலை சரிந்துவிட்டது என்று ஊரைக் கூட்டியிருப்பேனோ என்னவோ. சூசை அண்ணாச்சி பல சீசன் அதே லாட்ஜில் இருந்தார். கப்பல் ஆபீசர்கள் யாரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. கால் புக் பண்ணும்போதெல்லாம் "அக்கா, சொன்னதை அப்படியே சொல்லிருங்க, மலையேத்திராதீங்க" என்பார். கேலிதான், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல. அவர் மனசில் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வருஷங்களில் எஸ்.டி.டி. வந்தது, அவரே நேராக அக்காவோடு பேச ஆரம்பித்தார், என் குரல் அவருக்குத் தேவைப்படவில்லை.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுத்த காலத்தில் இந்தக் கதையைத்தான் முதல் நாள் சொல்வேன். தெரியாத வார்த்தை வந்தால் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வந்தபடியே விடுங்கள். நல்லது செய்கிறேன் என்று நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களிடம் சொன்ன கதையில் ஒரே ஒரு பஸ்தான் வரும். அந்த பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையில் எலுமிச்சம்பழ வாசனைதான் இருந்தது. ஆனால் என் இளம்பச்சைச் சேலையில், மடி இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை.

"என்னட்டி இது, புதுச் சேலையில?"

"மை" என்றேன்.

"ஆபீஸ் மையா? அது போவாதே. பாத்து எழுதக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு அவர் கீரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மைதான். கூடையும் என்னுடையது இல்லைதான். அன்று முழுக்க நான் தப்பாகப் புரிந்து சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று, அதற்குச் சூசை அண்ணாச்சி சிரித்தே மன்னிப்புக் கொடுத்துவிட்டார். சரியாகச் சொன்ன இந்த இரண்டு வார்த்தைகளுக்குத்தான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.